விண்வெளியில் காவல்கூலி

உச்சிப்புளியில் ஆகாயம் கடற்படையுடையது. பருந்து தளத்திலிருந்து கிளம்பும் ஆளில்லா விமானம் தலைக்கு மேல் ரீங்காரம் போட்டுக்கொண்டே போகும். கடலையோ, பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. தரையில் பனை நிற்கிறது. என் போன்ற சம்பளக்காரன் காலை நீட்ட மிச்சம் இருப்பது விண்வெளிதான் என்று நம்பி ஈவ் ஆன்லைன் ஆட உட்கார்ந்தேன். போய்ப் பார்த்தால், அங்கே வேலி போட்டு, பட்டா மாற்றி, தண்டலுக்கு ஆளும் வைத்திருக்கிறார்கள்.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கிய விளையாட்டு இது. சுமார் 7,800 நட்சத்திர மண்டலங்கள். சீனாவுக்கு மட்டும் தனிக்களம், மற்ற உலகம் முழுக்க ஒரே களத்தில் ஆடுகிறது. மண்டலத்துக்கு மண்டலம் பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. 0.5-உம் அதற்கு மேலும் என்றால் ஹைசெக். கான்கார்ட் என்ற போலீஸ் இருக்கிறது. 0.0 என்றால் நல்செக். அங்கே போலீஸ் கிடையாது, பலம் உள்ளவன் மண்டலத்தைப் பிடித்துத் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். கூன்ஸ்வார்ம், பாண்டெமிக் லீஜன், டெஸ்ட் என்று பெரிய கூட்டணிகள் எழுந்ததும் விழுந்ததும் அந்தப் பக்கம்தான்.

நாங்கள் இந்தப் பக்கம் பாறை உடைக்கிறவர்கள். வெல்ட்ஸ்பார் என்று ஒரு பாறை. விலை மலிவு, எங்கும் கிடைக்கும். லேசரை அதன்மேல் திருப்பிவிட்டு, இரவுச் சாப்பாட்டை முடித்து, தட்டையும் கழுவி வைத்துவிட்டு வரலாம். கூட்டணிக்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'கேர்பேர்'. பொம்மைக் கரடியின் பெயர் அது. கோபம் வந்தது உண்மை. ஆனால் வாயில் சோறு இருந்தது.

ஹைசெக்கில் போலீஸ் இருக்கிறதே என்பீர்கள். கான்கார்ட் நேர்மையான போலீஸ். சுட்டவன் கப்பலைத் தவறாமல் அழிக்கும். ஒரே சங்கடம், சுட்ட பிறகுதான் வரும். சுடுகிறவன் கேட்டலிஸ்ட் என்னும் மலிவுக் கப்பலில் வருவான். அது அழிவதைச் செலவுக் கணக்கில் முன்பே எழுதியிருப்பான். 2012-ல் ஜேம்ஸ் 315 என்ற பெயரில் ஆடிய ஒருவர் இதை ஓர் ஆட்சிமுறையாகவே ஆக்கினார். ஹைசெக் முழுவதும் தன் ஆளுகை என்றார். பாறை உடைக்க ஆண்டுக்கு ஆட்டப் பணம் 1 கோடி இஸ்க் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கப்பலை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. பொது அரட்டையில் மரியாதையாகப் பேச வேண்டும். கப்பலைக் கொளுத்துகிறவர் மரியாதை போதாது என்று வருத்தப்பட்ட முதல் ஆட்சி அதுவாகத்தான் இருக்கும்.

அதே வழியில் யாரோ ஒரு கும்பல் என் கப்பலையும் ஒரு நாள் கொளுத்தியது. பெரியப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர்; திரையில் எது தெரிந்தாலும் நின்று பார்ப்பார்.

"என்னப்பா, பொகையுது?"

"கப்பல் போச்சு பெரியப்பா. காசு கட்டலைன்னு சுட்டுட்டாங்க."

"கட்டுனா?"

"சுட மாட்டாங்க."

"வேற எவனாச்சும் சுட வந்தா, காசு வாங்குனவன் தடுப்பானா?"

"மாட்டான்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப இது நம்ம பக்கத்துக் காவக்கூலியவிட மோசம்ல. அப்பயெல்லாம் கூலி குடுக்கலைன்னா மாடு காணாமப் போகும். ஆனா துப்புக்கூலி குடுத்தா, களவாண்டவனே கண்டுபுடிச்ச மாதிரி ஓட்டிக்கிட்டு வந்துருவான். ஒன் கப்பலு வருமா?"

வராது. ஐஸ்லாந்தில் உட்கார்ந்து யோசித்தவர்களைவிடப் பாளையக்காரர்கள் நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். ஊருக்கு ஸ்தலகாவல், சீமைக்குத் தேசகாவல் என்று தனித்தனி வசூல். திருட்டுப் போனால் மீட்டுத் தருவதும் காவல்காரன் பொறுப்பு. நல்செக்கிலோ, பெரிய கூட்டணிகள் தங்களுக்கு வேண்டாத மண்டலங்களைச் சின்னக் குழுக்களுக்கு மாத வாடகைக்கு விடுகின்றன. வாடகை தவறாமல் போகும். எதிரி வந்தால் குடியிருப்பவன்தான் மூட்டை கட்ட வேண்டும்.

வசூலைவிட ஒரு படி மேலே போனதும் உண்டு. விண்வெளி நிலையங்களுக்கு எரிபொருள் ஐஸிலிருந்து வருகிறது. 2011-ல் கூன்ஸ்வார்ம் முதலில் ஐஸை வாங்கிப் பதுக்கியது. பிறகு ஹைசெக்கின் காலன்டே பகுதியில் ஐஸ் வெட்டுகிறவர்களை எல்லாம் சுட்டுத் தள்ளியது. விலை ஏறியது, பதுக்கியதை விற்றார்கள். இதற்குப் பெயர் போர். நம் ஊர் மண்டியில் செய்தால் வேறு பெயர்.

இவ்வளவு இருந்தும் எனக்கு அவர்கள் மேல் பொறாமை வரவில்லை. காரணம், கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன். பெரிய கூட்டணி ஒன்றில் இருக்கிறான். கோட்டைக்கு நேரம் குறித்துத்தான் சண்டை. ஐரோப்பாவில் மாலை 7 என்றால் நமக்கு நள்ளிரவு நெருங்கிவிடும். அலாரம் வைத்து எழுந்து, மைக்கை மாட்டி, தலைவர் சொல்லும்வரை பேசாமல் காத்திருப்பான். ஆயிரக்கணக்கானோர் கூடினால் சர்வர் தாங்காது. ஆட்டத்தின் காலமே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி நகரும். பீரங்கியை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் வெடிக்கும். எத்தனை சண்டைக்கு வந்தாய் என்று மாதக் கடைசியில் கணக்குக் கேட்பார்கள். சம்பளம் கிடையாது, மாதாமாதம் சந்தா வேறு இவனே கட்டுகிறான்.

மண்டலம் பிடித்த அரசர்களும் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தின் உரிமைக் கட்டணம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. உரிமை பறிபோனது, எதிரிகள் நுழைந்தார்கள். 21 மணி நேரச் சண்டை, 7,500-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். கட்டி முடிக்கவே வாரக்கணக்கில் ஆகும் டைட்டன் கப்பல்கள் 75 சாம்பல். நஷ்டம் சுமார் 3 லட்சம் டாலர் மதிப்பு என்று கணக்கிட்டார்கள். இதை வீட்டில் விவரித்தபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "பில்லு கட்டுற வேலைய யாருங்க ஒரு ஆம்பளைகிட்ட குடுத்தது?"

அந்த டைட்டன்களில் கொட்டியது பெரும்பாலும் ட்ரைட்டானியம். ட்ரைட்டானியம் கிடைப்பது வெல்ட்ஸ்பாரிலிருந்து. அவர்கள் எரிக்க எரிக்க ஜிடா சந்தையில் என் சரக்குக்கு ஆள் வருகிறது. சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றும் கவலை அவர்களுக்கு. பவர்கட் வந்தால் படுத்துக்கொள்ளும் சுதந்திரம் எனக்கு.

போன வாரம் கோயம்புத்தூர்த் தம்பி அழைத்தான். குரலைத் தாழ்த்தி, "அண்ணே, வேற பேர்ல ஒரு அக்கவுண்ட் போட்டிருக்கேன். சண்டை இல்லாத நாள்ல உங்க பக்கம் வந்து சும்மா பாறை உடைச்சுக்கட்டுமா? கூட்டணியில யாருக்கும் தெரியக் கூடாது" என்றான்.

"தாராளமா வா. ஆனா என் பாறைப் பக்கம் வந்தா காவல்கூலி உண்டு" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. "மாசத்துக்கா, வருசத்துக்காண்ணே?" என்று கேட்டான்.