பதினேழு அம்சத் திட்டம்

அப்பாவுக்குச் சதாபிஷேகம் என்று நாள் குறித்ததும் வீட்டில் ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். சமையல்காரரைப் பிடிப்பது தம்பி. புடவை எடுப்பது மூன்று பெண்கள் அடங்கிய உயர்மட்டக் குழு. மிச்சம் இருந்தது வீடியோ.

"வீடியோக்காரன் வேண்டாம்டா. அறுபதாம் கல்யாணத்தும்போது ஒருத்தன் என்னையும் உங்கம்மாவையும் ஹார்ட்டினுக்குள்ளே போட்டுச் சுத்த விட்டான். இன்னும் தலை சுத்தறது" என்றார் அப்பா.

ஆகவே நாமே ஒரு எச்.டி. கேமரா வாங்கிவிடுவது என்று தீர்மானமாயிற்று. அதைப் பார்த்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்திருக்கக் கூடாது. நான் திருவெறும்பூர் பெல் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்காரன். கொதிகலன் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்து, பிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்து, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது இருபத்தாறு வருடத் தொழில். நான் கத்திரிக்காய் வாங்க வருவது தெரிந்தால் காந்தி மார்க்கெட்டில் சிலர் சாக்கை மூடிவிடுவார்கள்.

இது நடந்தது 2009இல். நியூஜெர்சியில் இருக்கும் தங்கை, "அண்ணா, இங்கே விலை குறைச்சல், நான் வாங்கிண்டு வரேன்" என்று முதலில் ஆசை காட்டினாள். ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு ஓர் அமெரிக்கா உண்டு; எதை வாங்கினாலும் அதன் அபிப்பிராயம் கேட்டாக வேண்டும். ஆனால் அவள் போன தடவை கொண்டுவந்த கேமராவில் எடுத்த சீமந்தத்தில் டியூப் லைட்டெல்லாம் துடிதுடித்தது ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது. அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, கேமராவும் அந்தக் கணக்கு. நமக்கு 50. இரண்டுக்கும் தாளம் சேராது. மிருதங்கக்காரர் ஆதியில் வாசிக்க, பாடகர் ரூபகத்தில் பாடினால் எப்படியிருக்கும், அப்படி. "உன் ஊர் லைட்டையும் சேர்த்துக் கொண்டு வா" என்றேன். ஒரு மாதம் போன் வரவில்லை.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து சோதனைப் பட்டியல் போட்டேன். பதினேழு அம்சம். வகை, அளவுகோல், ஏற்பு வரம்பு, குறிப்பு என்று நாலு கட்டம். கார்பன் வைத்து மூன்று படி. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "ஏன்னா, என்னைப் பெண் பார்க்க வந்தப்போ இதெல்லாம் கேக்கலையே?" என்றாள். அப்போது நான் பயிற்சியில் இருந்தேன் என்று சொன்னேன்.

மலைக்கோட்டை அடிவாரத்தில், என்.எஸ்.பி. ரோட்டை ஒட்டிய சந்தில் கடை. விற்பனைப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். "வாங்க சார், இதுல முந்நூறு மடங்கு ஜூம் சார்" என்று ஆரம்பித்தான்.

"லென்ஸ் எத்தனை மடங்கு?"

"அது... பத்து சார்."

மிச்சம் இருநூற்றுத் தொண்ணூறும் மாவில் ஊற்றிய தண்ணீர். தோசை எண்ணிக்கை கூடும், கல்லில் ஒட்டும். நிரூபிப்பதற்காகப் பையனையும் கேமராவையும் தெப்பக்குளக் கரைக்கு அழைத்துப் போய் உச்சிப்பிள்ளையார் கோயிலைக் குறிவைத்தேன். பாறை 83 மீட்டர் உயரம். பத்து மடங்கில் மேலே நிற்பவர்களின் சட்டை நிறம் தெரிந்தது. முந்நூறில் உச்சிப்பிள்ளையார் கோயில் சதுரம் சதுரமாகப் பிரிந்து, குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆகிவிட்டது. அங்கேயே, வேகமாகப் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸையும் எடுத்துப் பார்த்தேன். இந்தக் கேமராக்களின் சில்லு படத்தை மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒவ்வொன்றாகப் படிக்கும். படித்து முடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடுவதால் சாய்ந்து தெரியும். தெரிந்தது. ஆனால் அந்தச் சாய்வு சில்லினாலா, படிக்கட்டில் தொங்கியவர்களாலா என்று முடிவு செய்ய முடியவில்லை. "மறுபரிசீலனை" என்று எழுதிக்கொண்டேன்.

அகலக் கோணம் அடுத்த சிக்கல். எங்கள் ராஜகோபுரம் 236 அடி, பதின்மூன்று நிலை. 1987இல்தான் கட்டி முடித்தார்கள். கேமரா செய்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கடைக்காரர் பெரிய மனது பண்ணி, பையனைக் கூடவே அனுப்பி, ஸ்ரீரங்கம் வரை கொண்டுபோக விட்டார். தெற்கு வாசலில் நின்றால் ஏழு நிலை அடங்குகிறது. பின்னால் நகர்ந்தேன். ஒன்பது. பூக்கடையைத் தாண்டினேன். பதினொன்று. "சார், இன்னும் நாலு அடி போனா காவிரி சார்" என்றான் பையன். காவிரி இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. அவனுக்குக் கால் வலி.

இருட்டுச் சோதனைதான் முக்கியம். வைதீகம் பொழுது விடியுமுன் ஆரம்பித்துவிடும், ஹோமப் புகை வேறு. மறுநாள் கடையில் போய் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் அது பகலில் இரண்டு தடவை தரிசனம் தராமல் போகிற வழக்கம் உண்டு. இவ்வளவு துல்லியமான சோதனைக்கூடம் எனக்கு ஆலையில்கூட அமைந்ததில்லை. திரையில் பையன் முகம் முழுக்க ரவை தூவினாற்போல் புள்ளி. கையை ஆட்டச் சொன்னேன். நாலு கை தெரிந்தது. டப்பாவில் 'இத்தனை லக்ஸ் போதும்' என்று பெருமையாகப் போட்டிருப்பது இப்படித்தான்: ஷட்டரை மெதுவாக்கி, கிடைத்த வெளிச்சத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, ஏதோ ஒன்று தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு கம்பெனி லக்ஸை இன்னொரு கம்பெனி லக்ஸோடு ஒப்பிடவே முடியாது.

"சார், இதுல இருட்டுக்குன்னே தனி பட்டன் இருக்கு" என்று பையன் இன்னொன்றை நீட்டினான். அகச்சிவப்பு ஒளியில் எடுப்பது. துணைக்கு வந்திருந்த என் மனைவியின் முகம் பச்சைப்பசேலென்று வந்தது. எங்கள் ஊரில் அந்த நிறத்துக்கு உரிமை உள்ளவர் ஒருவர்தான், அவர் படுத்துக்கொண்டிருக்கிறார். மனைவி அந்த மாடலை மட்டும் எந்தக் கட்டமும் நிரப்பாமல் நிராகரித்தாள்.

எடுத்த சோதனைப் படங்களை டேப்பில் கொண்டுவந்து வீட்டில் போட்டுக் காட்டினேன். அப்பா முழுவதும் பார்த்தார்.

"படம் இருக்கட்டும். இதுலே உன் குரல் மட்டுந்தானே கேக்கறது? 'நகராதே, நகராதே'ன்னு. நான் பேசினா கேக்குமா?"

உண்மை. கேமராவிலேயே இருக்கும் மைக் தனக்குப் பக்கத்தில் இருப்பவனைத்தான் முதலில் கேட்கும். அது எப்போதும் படம் எடுப்பவன்தான். பதினேழாவது அம்சத்தை அடித்துவிட்டு, வெளி மைக் செருக வழி உண்டா என்று எழுதினேன். முக்கால்வாசி மாடல் அதிலேயே விழுந்தது. இதைத்தான் முதல் அம்சமாக வைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். ரயில்வேக்காரர் யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டார். "இதே திருச்சியிலே 1905லே எங்க ரயில்வேக்காரன் சாமிக்கண்ணு வின்சென்ட் சினிமா மெஷின் வாங்கினான், தெரியுமோ? ட்ராயிங் ஆபீஸ்லே மாசம் 25 ரூபா சம்பளம். டூபான்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரன் படம் காட்டிண்டு வந்தவன், உடம்புக்கு முடியாம ஊருக்குத் திரும்பறேன்னான். 2,250 ரூபா கொடுத்து மெஷின், பிலிம் எல்லாத்தையும் வாங்கிண்டான். ஏசு கதையைத் தூக்கிண்டு லாகூர், பெஷாவர் வரைக்கும் போனான்."

கணக்குப் போட்டேன். தொண்ணூறு மாதச் சம்பளம். நான் யோசித்துக்கொண்டிருந்தது ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு.

"அவன் என்னப்பா டெஸ்ட் பண்ணினான்?"

"படம் ஓடித்து. ஜனம் வாயைப் பொளந்துண்டு பார்த்தது. வாங்கினான்."

இருந்தாலும் என் பதினேழில் நான் உறுதியாக நின்றேன். கடைசியில் மோதியது டேப்பும் கார்டும். 2003இல் வந்த எச்.டி.வி., சின்ன மினி டி.வி. கேசட்டிலேயே எச்.டி. படத்தைப் பதியும். 2006இல் சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி., கார்டிலும் ஹார்ட் டிஸ்கிலும் பதியும்; ஆனால் அதைக் கசக்கிச் சுருக்கியிருப்பதால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் திக்கித் திக்கி ஓட்டியது. "சார், டேப்பெல்லாம் போயிடும் சார், கார்டு வாங்குங்க" என்றான் பையன். அவனை உட்கார வைத்து இருபது நிமிடம் பேசினேன். கார்டு என்பது அழித்து அழித்து எழுதும் சிலேட்டு, டேப் என்பது பத்திரம். கையில் பிடிக்க முடிகிற எதுவும் காணாமல் போகாது. ஆலையில் முப்பது வருட எக்ஸ்ரே பிலிம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பையன் தலையாட்டிவிட்டு பில் போட்டான்.

டேப் கேமரா, வெளி மைக், முக்காலி. சதாபிஷேகம் நாலு கேசட்டில் அடங்கியது. அப்பா குரல் கணீரென்று கேட்டது. என் குரல் ஒரே இடத்தில்தான், சமையல்காரர் குறுக்கே வந்தபோது.

அப்பா 2014இல் போனார். 2019இல் கேமரா இரண்டாவது கேசட்டை விழுங்கிக்கொண்டு வாயைத் திறக்க மறுத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் ஸ்பேர் வருவதில்லை என்று கையை விரித்தார். கேசட்டை உள்ளேயிருந்து சேதமில்லாமல் எடுத்துக் கொடுத்தார், அதுவே பெரிது. இப்போது நாலு கேசட்டும் அலமாரியில், பத்திரமாக, லேபிள் ஒட்டி இருக்கின்றன. போட்டுப் பார்க்கத்தான் எதுவும் இல்லை. முக்காலியில் மனைவி கொடி கட்டியிருக்கிறாள்.

எச்.டி.வி. கேசட் ஓட்டும் கேமரா, சாதாரண மினி டி.வி. கேமரா போதாது, உங்கள் பரணில் கிடந்தால் ஒரு நாள் எடுத்துக்கொண்டு மேல உத்திர வீதிப் பக்கம் வாருங்கள். காபி உண்டு. சோதனை எதுவும் செய்ய மாட்டேன்.