முஷ்டியும் முனிசிபாலிட்டியும்

கேள்வி: உலகப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் ஒருவர் உக்ரைன் தலைநகரான கீவ் நகரத்துக்கு மேயராக இருக்கிறாரே, நகரத்தை ஆள்வதற்கு முஷ்டி பலம் போதுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: போதாது. ஆனால் விட்டாலி கிளிச்கோ முஷ்டியை மட்டும் நம்பி வந்தவர் அல்லர். சோவியத் விமானப்படை அதிகாரி ஒருவரின் மூத்த புதல்வராக 1971-இல் கிர்கீஸியாவில் பிறந்து, தந்தையின் உத்தியோகம் இட்டுச் சென்ற ஊர்களிலெல்லாம் வளர்ந்து, 1980-களின் நடுவில் குடும்பத்தோடு கீவ் வந்து சேர்ந்தவர் அவர். 1999-இல் உலகப் பட்டத்தை வென்று, மறு ஆண்டே விளையாட்டு விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டமும் பெற்றபடியால், ‘இரும்பு முஷ்டி டாக்டர்’ என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

அவருடைய கல்வியில் ஏட்டில் இல்லாத பாடம் ஒன்றும் உண்டு. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது அந்த நாசத்தைத் துப்புரவு செய்யும் பணியில் ஈடுபட்ட அதிகாரிகளில் அவருடைய தந்தையும் ஒருவர். பிற்காலத்தில் புற்றுநோயால் வருந்தி 2011-இல் அவர் காலமானார். உலை வெடித்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ஜனங்களிடம் உண்மையை உரைக்காமல், கீவ் நகரத்தின் கிரெஷ்சாட்டிக் பெருவீதியில் மே தின ஊர்வலத்தைக் குழந்தைகளோடும் கொடிகளோடும் நடத்தி முடித்தது அன்றைய அரசாங்கம். ஆள்பவன் பிரஜைக்குப் பதில் சொல்லாத தேசத்தில் என்ன நேரும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா?

கேள்வி: அவருடைய குத்துச்சண்டை வாழ்வில் தங்கள் மனத்தைக் கவர்ந்த வெற்றி எது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: தாங்கள் வெற்றியைக் கேட்கிறீர்கள், நான் ஒரு தோல்வியைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டில் கிரிஸ் பர்டோடு மோதியபோது, புள்ளிக் கணக்கில் முன்னணியில் நின்றும், தோள்பட்டைத் தசை கிழிந்த வேதனை தாளாமல் 9 சுற்றுகளுக்குப் பின் அவர் விலகிக்கொண்டதனால், நெஞ்சுரம் அற்றவர் என்ற அபவாதம் அவரைத் தொடர்ந்து வந்தது. 2003-இல் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்தில் லெனக்ஸ் லூயிஸ் விட்ட குத்து இடக்கண்ணின் மேற்புறத்தைப் பிளந்து ரத்தம் முகமெங்கும் வழிய, அப்போதும் 6 சுற்று முடிவில் மூன்று நடுவர்களின் ஏட்டிலும் 58-56 என்று முந்தி நின்ற கிளிச்கோ, இன்னும் போராட விடுங்கள் என்று மன்றாடியும் மருத்துவர் சம்மதிக்கவில்லை. ஜயம் லூயிஸுக்குப் போயிற்று; அபவாதமோ அன்றோடு ஒழிந்தது. 47 போட்டிகளில் 45 ஜயங்களைக் கண்டு, எந்த மேடையிலும் ஒருமுறைகூட வீழ்த்தப்படாமல் ஓய்வுபெற்ற வீரர் அவர். என்றாலும் அவருடைய பெருமையை உலகுக்குக் காட்டியது அந்த ஒரு தோல்விதான்.

கேள்வி: தம்பி விளாதிமிரும் மகா வீரராயிற்றே, அண்ணனும் தம்பியும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? (வாசகி, திருச்சி)

பதில்: தாயார் தோற்றிருப்பார். ஒருவரோடு ஒருவர் மோதுவதில்லை என்று அந்த அம்மையாருக்கு இருவரும் வாக்களித்திருந்தார்கள். கோடிக்கணக்கான பணம் ஆசை காட்டியும் அந்த வாக்கை மீறவில்லை. 1996-இல், தடைசெய்யப்பட்ட மருந்து உடலில் காணப்பட்டமையால் அண்ணன் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தபோது, தம்பி அட்லாண்டா சென்று தங்கப் பதக்கத்தோடு திரும்பினார். 2011-இல் கனரக எடைப் பிரிவின் பிரதான உலகப் பட்டங்கள் யாவும் இவ்விரு சகோதரர்களின் கையிலேயே இருந்தன.

கேள்வி: இத்தனை கீர்த்தி படைத்தவருக்கு மேயர் பதவி எளிதில் கிட்டியிருக்குமே? (வாசகர், சேலம்)

பதில்: மேடையில் எவராலும் வீழ்த்த முடியாத மனிதரைக் கீவ் நகரத்து வாக்காளர்கள் இருமுறை வீழ்த்தினார்கள். 2006-இல் போட்டியிட்டு இரண்டாம் இடம். 2008-இல் மீண்டும் போட்டியிட்டு மூன்றாம் இடம். அதற்காக அவர் மனம் சலிக்கவில்லை. நகர சபை உறுப்பினராக அமர்ந்து வேலை கற்றுக்கொண்டார். பிறகு அவருடைய உடார் கட்சி 2012 தேர்தலில் 40 இடங்களைப் பெற்று நாடாளுமன்றத்தில் நுழைந்தது. ஐரோப்பாவோடு செய்துகொள்ளவிருந்த ஒப்பந்தத்தை ஜனாதிபதி யானுகோவிச் கைவிட்டமையால் 2013-இன் இறுதியில் மைதான் சதுக்கத்தில் மூண்ட கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய மூவரில் அவரும் ஒருவர். 2014 ஜனவரியில், போலீசாருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் இடையே சென்று, அடிதடியை நிறுத்துங்கள் என்று வேண்டிக்கொண்ட அவர்மீது கூட்டத்திலிருந்த ஒருவர் தீயணைப்புக் கருவியைப் பீச்சியடிக்க, முகமெல்லாம் வெண்மை படிந்து அவர் நின்ற காட்சியை உலகமே கண்டது. உலகத்தின் வலிமைமிக்க முஷ்டிகளில் இரண்டைத் தம்மிடம் வைத்திருந்தும், அவற்றில் ஒன்றையேனும் அன்று அவர் ஓங்கவில்லை என்பதை, அவருடைய எந்த உலகப் பட்டத்துக்கும் மேலானதாக நான் மதிக்கிறேன்.

அவ்வாண்டு மார்ச்சில் ஜனாதிபதிப் போட்டியிலிருந்து விலகி, பொரொஷென்கோவுக்கு ஆதரவு அளித்து, மே 25-ஆம் தேதி மேயர் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார். 2015-லும் 2020-லும் அதே ஜனங்கள் அவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி: மேயர் பெரியவரா, அரசாங்கம் நியமிக்கும் அதிகாரி பெரியவரா? (வாசகர், மதுரை)

பதில்: கீவ் நகரத்தில் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு ஜனாதிபதியும் ஒவ்வொரு விதமாக விடை எழுதப் பார்த்திருக்கிறார். அங்கே மேயரைத் தேர்ந்தெடுப்போர் ஜனங்கள். நகர அரசு நிர்வாகத்தின் தலைவரை நியமிப்பவர் ஜனாதிபதி. இரண்டு பதவியும் ஒருவரிடமே இருந்தால் வண்டி ஓடும். 2010-இல் யானுகோவிச் நிர்வாகத் தலைமையை மேயரிடமிருந்து பிரித்துத் தம் ஆளிடம் ஒப்படைத்தார். பெயரளவில் இருந்த மேயரும் 2012-இல் விலகிவிடவே, தலைநகரம் 2014 வரையில் தேர்ந்தெடுத்த மேயரே இல்லாமல் காலம் தள்ளிற்று. 2019-இல் ஜெலென்ஸ்கி பதவிக்கு வந்ததும் கிளிச்கோவை நிர்வாகத் தலைமையிலிருந்து நீக்குவதற்கு அமைச்சரவை இசைவு தந்தது. ஆயினும் ஜனாதிபதியின் கையொப்பம் விழவில்லை. யுத்தம் வந்தபின் ராணுவ நிர்வாகம் என்ற மற்றோர் அமைப்பும் சேர்ந்துகொள்ள, அதன் தலைவராக 2024 டிசம்பர் 31 அன்று நியமனம் பெற்ற திமூர் தகாச்சென்கோவுக்கும் மேயருக்கும் பகிரங்க விவாதமே மூண்டது.

என் அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. மாக்டெபர்க் சட்டம் என்னும் சுயாட்சி உரிமையை 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெற்று, 1830-களில் ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கலஸின் ஆணையால் அதை இழந்த நகரம் கீவ். அந்த உரிமையின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்ட தூண் இன்றும் நீப்பர் நதிக்கரையில் நிற்கிறது. நியமனம் பெற்றவன் மேலே இருப்பவனுக்குப் பதில் சொல்வான். தேர்தலில் வென்றவன் தெருவில் நிற்பவனுக்குப் பதில் சொல்வான். நகரத்துக்கு வேண்டியவன் இரண்டாமவனே.

கேள்வி: குண்டு விழும் நகரத்தில் மேயருக்கு என்ன வேலை? (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: அமைதிக் காலத்தில் உள்ள அதே வேலைதான்: தண்ணீர், வெப்பம், விளக்கு, போக்குவரத்து. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை கீவை நோக்கிப் பாய்ந்தபோது, பூமிக்கடியில் ஓடும் மெட்ரோ ரயிலின் நிலையங்கள் அல்லும் பகலும் திறந்திருக்கும் புகலிடங்களாக மாறி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாய் விரித்து அங்கே உறங்கின. தரையிலிருந்து 105 மீட்டர் ஆழத்தில் உள்ள ஆர்செனால்னா நிலையமும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் மின் நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணைகள் பொழிந்தன. குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால் நீரேற்றும் பம்புகள் நின்றுவிடும். வீடுகளுக்கு வெந்நீர் கொண்டுசெல்லும் குழாய்கள் உறைந்து வெடிக்கும். மாடி வீடுகளில் கிழவர்களும் குழந்தைகளும் குளிரில் சிக்கிக்கொள்வார்கள். அங்கே ஒரு கொதிகலனைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டுவது ஒரு களத்தை வெல்வதற்கு நிகர்.

கேள்வி: கிளிச்கோவைப் போலவே பேசி வேறு மேயர்களை யாரோ ஏமாற்றினார்களாமே? (வாசகர், வேலூர்)

பதில்: ஆம். 2022 ஜூனில் பெர்லின், மாட்ரிட், வியன்னா ஆகிய நகரங்களின் மேயர்கள் காணொளித் திரையில் அவர் முகத்தைக் கண்டு உரையாடினார்கள்; பேசியவர் அவர் அல்லர். உக்ரைன் அகதிகளைப் பற்றிப் பேச்சு விபரீதமாகத் திரும்பவே பெர்லின் மேயருக்குச் சந்தேகம் தட்டிற்று. முகத்தைத் திருடிவிடலாம், சுபாவத்தைத் திருடுவது சிரமம் என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, அவர்மீது குறையே இல்லையா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உண்டு, அது சிறு குறையும் அன்று. 2023 ஜூன் 1-ஆம் தேதி அதிகாலையில் அபாயச் சங்கு ஊதியதும், டெஸ்னியான்ஸ்கி வட்டாரத்து மருத்துவ நிலையம் ஒன்றில் இருந்த புகலிடத்தை நாடி ஜனங்கள் ஓடினார்கள், கதவு அடைத்திருந்தது. சிதறி விழுந்த ஏவுகணைத் துண்டுகளால் வாசலிலேயே மூவர் மாண்டார்கள். அவர்களில் ஒரு தாயும் அவளுடைய சிறு மகளும் அடக்கம். ஜனாதிபதி மேயரைக் கண்டித்தார். மேயர் தரப்பு வட்டார அதிகாரிகளைச் சுட்டிற்று. யாருடைய ஏட்டில் அந்தக் கதவின் பொறுப்பு எழுதப்பட்டிருந்தாலும், மேயரின் ஏட்டிலும் அது எழுதப்பட்டதே. அவ்வாண்டு டிசம்பரில் சுரங்கத்தில் நீர் கசிந்து மெட்ரோவின் ஆறு நிலையங்கள் மூடப்பட்டு, அந்தப் பாதையில் வழக்கமான ரயில் ஓட்டம் பல மாதங்கள் தடைபட்டது. அந்தப் பாதை அவர் பதவிக்கு வருமுன் 2010-இல் திறக்கப்பட்டது என்பது மெய். என்றாலும் 9 ஆண்டுகள் அதைப் பராமரிக்கும் கடமை அவருடைய நிர்வாகத்தினுடையது.

கேள்வி: முடிவாக, ஒரு மேயரை எதைக் கொண்டு அளப்பது? (வாசகி, புதுக்கோட்டை)

பதில்: நகரம் உயிரோடு இருப்பதற்கு அவசியமான சிறு காரியங்களைக் கொண்டு. தேசத்தின் எல்லையைக் காப்பது சேனையின் தர்மம். எல்லைக்குள் இருக்கும் வீட்டில் குழாயில் நீர் வருவதும், ஆபத்துக் காலத்தில் கதவு திறந்திருப்பதும் நகர சபையின் தர்மம். இந்த அளவுகோலில் கிளிச்கோ சில நாட்களில் உயர்ந்தும் சில நாட்களில் தாழ்ந்தும் காணப்படுகிறார். இறுதித் தீர்ப்பைக் கூறும் அதிகாரம் எனக்கும் இல்லை, ஜனாதிபதிக்கும் இல்லை. கீவ் வாக்காளர்களுக்கே உண்டு. யுத்தச் சட்டம் நீடிக்கும் வரையில் தேர்தல் நடத்த இயலாதென்பதால் 2025 அக்டோபரில் வரவேண்டிய வாக்குப்பதிவு நடைபெறவில்லை. பீரங்கிகள் ஓய்ந்தபின் அவர்கள் வாக்குச் சாவடிக்குச் சென்று, இவரையே மீண்டும் அமர்த்தினாலும் சரி, வந்தனம் கூறி வீட்டுக்கு அனுப்பினாலும் சரி, அந்த உரிமை அவர்களுக்கு முழுமையாகத் திரும்பக் கிடைக்கவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.