'நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு'

உடையார்பாளையத்தில் அந்தத் தம்பியைக் கண்டுபிடிக்க முகவரி வேண்டாம். பகலில் மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே லேப்டாப்போடு இருப்பார். மாலையில் டீக்கடை வாசலில், காதில் வெள்ளையாக ஒன்றைச் செருகிக்கொண்டு, யாருக்கோ "ஷ்யூர், ஷ்யூர்" சொல்லிக்கொண்டிருப்பார். கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து பெட்டியோடு வந்தவர். நோய் போன பிறகும் பெட்டி திரும்பிப் போகவில்லை. மாதம் ஒருமுறை அரியலூரில் ரயிலேறி, கம்பெனிக்கு முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார். இப்போது ஊருக்கு ஒருவராவது இந்த ரகத்தில் இருக்கிறார்கள். எனவே இங்கே பெயர் தேவையில்லை.

லிங்க்ட்இன்னில் இவருக்கு ஆயிரத்துச் சொச்சம் தொடர்புகள். அதில் முக்கால்வாசிப் பேர் எதிரே வந்து நின்றால் வழிவிட்டு நடந்துபோவார். ஒரு சமயம் கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சு அடிபட்டபோது, நான்கு வருடமாகப் பேசாத பழைய மேலாளருக்கு "ஹாய் சார், எப்படி இருக்கீங்க?" என்று அனுப்பினார். "வேலை போயிடுச்சா?" என்று உடனே பதில் வந்தது.

அன்று இரவே செயலி பிறந்தது. தொழில்முறையில் பழகியவர்களை மறக்காமல் இருக்கவும், பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளவும் ஒரு செயலி. ஆளுக்கு ஓர் அட்டை. எங்கே பார்த்தோம், என்ன பேசினோம், பிள்ளை என்ன படிக்கிறது, அடுத்து எப்போது பேச வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். மூன்று மாதம் பேசாவிட்டால் அட்டை மஞ்சளாகும். ஆறு மாதமானால் சிவப்பு.

யோசனை புதிதில்லை என்று அவருக்கும் தெரியும். கேட்டால் வரலாறே சொல்வார். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டின் தேர்தல் வேலைகளைப் பார்த்த ஜேம்ஸ் பார்லி, சந்தித்தவர்களைப் பற்றியெல்லாம் குறிப்பெழுதி வைத்திருந்தார். 1933-இல் அந்த நாட்டுத் தபால்துறைத் தலைவராகவும் ஆனார். அரசியல்வாதிகள் இப்படி வைத்திருக்கும் குறிப்புக்கு அங்கே இன்றும் 'பார்லி ஃபைல்' என்றுதான் பெயர். வங்கியாளர் டேவிட் ராக்பெல்லர் 2017-இல் இறந்தபோது, சுமார் ஒரு லட்சம் பேரைப் பற்றிய அட்டைகளை விட்டுச்சென்றார். மனித மூளைக்கு நிலையான உறவுகள் ஏறக்குறைய 150தான் தாங்கும் என்பது மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் முன்வைத்த கணக்கு. அதற்கு மேற்பட்டவர்களைத் தம்முடைய செயலி சுமக்கும் என்பது தம்பியின் வாதம்.

டன்பார் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துப் பார்த்திருந்தால் அந்த எண்ணை மறுபடி யோசித்திருப்பார். அது வேறு விஷயம்.

சோதனை ஓட்டத்துக்கு ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். தம்பி தேர்ந்தெடுத்தது தம் தாய்மாமனை. மாமா எல்.ஐ.சி. ஏஜெண்ட். கையில் கைப்பிடி தேய்ந்த ஒரு பை. அதற்குள் வருடத்துக்கு ஒன்றாகச் சேர்ந்த டைரிகளில் சமீபத்தியது. எந்த ஆபீஸில் எந்த வேலை ஆக வேண்டுமென்றாலும் "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு" என்று தொடங்குவார். உடையார்பாளையம் தாலுகாவுக்குத் தலைமையிடம் உடையார்பாளையம் அல்ல, ஜெயங்கொண்டம். வெளியூர்க்காரர் இங்கே இறங்கி விழிக்கும்போது மாமா ஜெயங்கொண்டத்துக்கு ஏற்கெனவே போன் போட்டிருப்பார். பட்டுத்தறிக்குப் பாவு ஓட்டுபவர், முந்திரிக்கொட்டை வாங்குபவர், சிமெண்ட் ஆலைக்கு லாரி விடுபவர் எல்லாரும் நம்ம ஆளு. 1956-இல் இருநூற்றுச் சொச்சம் கம்பெனிகளைச் சேர்த்து எல்.ஐ.சி.யை உண்டாக்கிய அரசாங்கம், ஊருக்கு ஊர் இப்படி ஒரு நடமாடும் பதிவேட்டையும் சேர்த்தே உண்டாக்கிவிட்டது. ஒருவரின் பிறந்த தேதி அத்தாட்சியோடு ஏஜெண்டுக்குத் தெரியும். சம்பளம் தெரியும், சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாமினி யாரென்று தெரியும். வீட்டில் யாரை யார் நம்புகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் இல்லை. மாமா அதை வெளியே சொன்னதும் இல்லை.

தம்பி செயலியை ஏற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை மாமாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னாரோடு பேசி ஆறு மாதம் ஆகிறது, இன்னாரோடு ஏழு மாதம். சரி, சொல்கிறானே என்று மாமா ஆண்டிமடத்துக்காரர் ஒருவருக்குப் போட்டார்.

"என்னண்ணே, காலங்காத்தால? யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்."

"சும்மாவா? பரவால்ல, சொல்லுங்கண்ணே. மனசத் தேத்திக்கிட்டேன்."

விஷயம் இல்லாமல் வரும் போனை இந்தப் பக்கத்தில் இரண்டே வகையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்: சாவுச் செய்தி, அல்லது கைமாற்று. அந்த ஆள் கடைசிவரை நம்பவில்லை. சாயங்காலமே பைக்கில் வந்து, மாமாவின் வீட்டில் எல்லாரும் நலமா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

சும்மா விசாரிப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: காலை வணக்கப் படம். இந்தியர்கள் அனுப்பும் குட்மார்னிங் படங்களால் போன்களின் இடம் நிரம்பிப்போவதைக் கூகுள் ஆராய்ந்து கண்டுபிடித்ததாக 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ரோஜாப்பூவும் திருக்குறளும் தினம் வந்து சேர்கின்றன. 'நான் இருக்கிறேன், நீயும் இரு' என்பதற்கு மேல் அதில் சேதி கிடையாது. மற்றபடி உறவு உதவியில்தான் ஓடுகிறது. ஒருவரிடம் ஒரு வேலையைச் சொன்னால் அவர் நம்மவர். சொல்லாமல் வேறொருவரிடம் போனால், "ஏன், நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியலயா?" என்று வரும். எட்டு மாதம் பேசாமல் இருந்ததை யாரும் கேட்பதில்லை.

தம்பி தளரவில்லை. மாமாவின் போனிலுள்ள பெயர்ப் பட்டியலையாவது செயலிக்குள் இழுத்துப் போடலாம் என்று திறந்தார். 'செல்வம் போர்வெல்', 'செல்வம் தறி', 'செல்வம் பேங்க் பழைய', 'செல்வம் பெரியவன்', 'செல்வம் எடுக்காதே'. ஒரே ஆள் இரண்டு செல்வமாகவும் இருக்கலாம். கடைசி இரண்டும் அப்படித்தான். தம்பி மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட தகவல்கள் எல்லாம் மாமாவிடம் பெயரோடு ஒட்டியே கிடந்தன. தம்பி யோசிக்காத ஒன்றும் இருந்தது: 'எடுக்காதே'.

இந்த மண்ணுக்கு இந்த வித்தை நேற்று வந்ததும் அல்ல. உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சிக் கல்யாணரங்க உடையாரின் ஆஸ்தானத்தில் இருந்த கனம் கிருஷ்ணையர், புரவலரின் பெயரைத் தம் பதங்களுக்குள்ளேயே வைத்துப் பாடினார். அவரிடம் சங்கீதம் கற்றவர் வேங்கடசுப்பையர். அவருடைய பிள்ளைதான் உ.வே.சாமிநாதையர். 1880 அக்டோபரில் ஐயர், கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரை மரியாதைக்குப் பார்க்கப் போனார். ஐயர் தாம் படித்த அந்தாதி, கலம்பகம் எல்லாம் சொன்னார். இதனால் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி முதலியார் கேட்டுவிட்டார். இன்றைய ஆளாக இருந்தால் அட்டையில் 'பயனில்லை' என்று குறித்துவிட்டு வந்திருப்பார். ஐயர் மறுபடி போனார். முதலியார் படிக்கச் சொன்ன சீவகசிந்தாமணி 1887-இல் ஐயரின் பதிப்பாக அச்சேறியது. ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களின் பெயர்களை முகவுரைகளில் குறிப்பது அவர் வழக்கம். தமக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் பத்திரப்படுத்தியும் வைத்தார். ஒருவேளை தமிழில் இதைவிட லாபகரமான ஒரு மரியாதைச் சந்திப்பு நடந்திருக்கலாம், இருந்தால் சொல்லட்டும்.

தம்பி இதையெல்லாம் கேட்டுச் செயலியைத் திருத்த உட்கார்ந்தார். சிவப்பு போனது, கேட்காமல் அடிக்கும் மணி போனது. புதிதாக மூன்று கட்டங்கள் வந்தன. முதலாவது, 'யார் மூலம் பழக்கம்'. ஆளை மறந்தாலும் அறிமுகம் செய்தவரை மறக்கக் கூடாது; குறை வந்தால் பஞ்சாயத்துக்கு அவர்தான். இரண்டாவது, 'யார் யாருக்கு என்ன செய்தது'. மொய் நோட்டிலிருந்து எடுத்தது. மூன்றாவது, 'இவரிடம் பேசக் கூடாதது'. இந்த மூன்றாவது கட்டத்தை நிரப்பிக் கொடுக்கச் சொன்னபோது மாமா மறுத்துவிட்டார். அடுத்தவர் வீட்டுச் சங்கதியை எழுதி வைத்தால் அது ஒருநாள் அவர் கண்ணிலேயே படும் என்பது மாமாவின் கட்சி. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தம்பி எடுத்து விளக்கினார். மாமாவுக்குச் சட்டமும் அதையேதான் சொல்வதாகப் பட்டது.

பிறகு விலைப் பேச்சு வந்தது. மாதம் 99 ரூபாய், பிரீமியம் என்றார் தம்பி. அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாசா மாசமா? மெச்சூரிட்டி எப்போ?"

"மெச்சூரிட்டியெல்லாம் இல்ல மாமா. கட்டுற வரைக்கும் ஓடும்."

"சரி, நாமினி யாரு? நான் போயிட்டா இந்த ஆளுங்கள்லாம் யாருக்குப் போவாங்க?"

கூகுளில் அதற்கு 2013 முதலே ஏற்பாடு இருக்கிறது. நம் கணக்கு ஓசையில்லாமல் கிடந்தால் நாம் குறித்த ஆளுக்குத் தகவல் போகும் என்று தம்பி சொல்லிப் பார்த்தார். தம்முடைய செயலியில் அந்தக் கட்டம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

"நாமினியே இல்லாத பிரீமியமா?" என்று மாமா பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு புரபோசல் ஃபாரம் வந்தது. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும், இப்போதே போட்டால் லாபம், நாமினிக்கு அம்மா பெயர் இருக்கட்டும், கல்யாணம் ஆனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

செயலி இன்னும் பிளே ஸ்டோருக்குப் போகவில்லை. தம்பியின் போனில் மட்டும் ஓடுகிறது. அதில் மஞ்சள் ஏறாத அட்டை ஒன்றே ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டியூ தேதிக்குப் பத்து நாள் முன்பாகவே மாமா தாமாகப் போன் செய்துவிடுகிறார்.