கையில் கிரீஸ் படாத ராயல் மெக்

காலை எட்டு மணிவாக்கில் சென்னைப் புறநகரில் உள்ள திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், நம் தொழிற்கல்வியின் சீரும் சிறப்பும் விளங்கிவிடும். உள்ளே லேத்தும் சி.என்.சி.யும் ஓடுகின்றன; கார் கம்பெனிகளுக்குப் போகவேண்டிய ஷாஃப்டும் புஷ்ஷும் கூலண்ட் சொட்டச் சொட்டத் தட்டில் விழுகின்றன. வெளியே கல்லூரிப் பேருந்துகள் வரிசைகட்டிப் போகின்றன. ஜன்னலோரத்தில் மெக்கானிக்கல் பையன்களின் ‘ராயல் மெக்’ என்று அச்சடித்த டி-ஷர்ட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. நான்கு வருடமும் அந்த வண்டி இந்த வாசலில் நிற்காது. எதற்கு நிற்கவேண்டும்? உள்ளே பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் வீடு தேடி வருகிறதே!

இன்பிளான்ட் டிரெயினிங் என்கிற வேள்வி இப்படித்தான் நடக்கிறது. லெட்டர்ஹெட் ஒன்று, உருண்டை சீல் ஒன்று, ‘நடத்தை: நன்று’ என்று ஒரு வரி. மாமாவுக்குத் தெரிந்த பட்டறை என்றால் இலவசம். இல்லாவிட்டால் இன்ன ரேட். பையன் பதினைந்து நாளும் வீட்டில் போர்வைக்குள் கிடந்து பயிற்சி பெறுவான். துறைத்தலைவருக்குத் தெரியும், முதல்வருக்குத் தெரியும், அங்கீகாரக் குழு வருகிறபோது ஃபைலைப் புரட்டுகிறவருக்கும் தெரியும். ஃபைல் தடிமனாக இருந்தால் சரி. இண்டஸ்ட்ரியல் விசிட் என்று ஊட்டிக்குப் போவார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் அரை மணி, படகுத் துறையில் அரை நாள். கடைசி வருட புராஜெக்ட்டுக்குக் கடையே இருக்கிறது. மாடலும் ரிப்போர்ட்டும் சேர்ந்தே கிடைக்கும். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்லவேண்டும் என்பது இலவச இணைப்பு.

இந்தச் சொத்தோடு பையன் வேலை கேட்டு அதே தொழிற்பேட்டைக்கு வருகிறான். நான் பார்த்த ஒரு நேர்காணலில் மேசைமேல் பிளாஸ்டிக் ஃபோல்டர். அதில் ஆட்டோகேட், கேட்டியா, அன்சிஸ் என்று பளபளக்கும் தாள்கள். சூப்பர்வைசர் அவற்றைத் தொடவில்லை. கடைந்து முடித்த ஷாஃப்ட் ஒன்றையும் மைக்ரோமீட்டரையும் நகர்த்தி, “விட்டம் எவ்வளவு வருது, பாத்துச் சொல்லு தம்பி” என்றார். 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் கருவி அது. பையன் ராட்செட் இருக்கும் பக்கமே போகவில்லை. திம்பிளைப் பிடித்துத் தம் கட்டி முறுக்கினான். “வைஸ் இல்ல தம்பி அது, இறுக்காத” என்று அவர் பதறிப்போய் வாங்கிவைத்தார். பையன் முகம் சிவந்துவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எட்டு செமஸ்டருக்குப் பணம் கட்டிய ரசீது அவனிடம் இருக்கிறது. அந்தக் காசுக்கு ஒருவராவது அவன் கையில் அந்தக் கருவியை ஒரு முழுநாள் கொடுத்தாரா?

முதலாளிமார்களும் புனிதர்கள் இல்லை. மேடையில் “தகுதியான ஆளே கிடைப்பதில்லை” என்று புலம்புவார்கள். இரண்டாம் வருடப் பையன் ஒருவன் தானே வந்து, “லீவுல வந்து கத்துக்கறேன் சார்” என்றால், “மெஷின் கெட்டுப்போகும், நீ படிச்சு முடிச்சிட்டு வா” என்பார்கள். படித்து முடித்து வந்தால், “அனுபவம் இருக்கா?” முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் பேரைப் பழகுநர்களாக வைத்தே ஆகவேண்டும் என்பது விதி. 2019-இல் திருத்தியபோது நான்கு பேர் உள்ள சின்னப் பட்டறைகூட விரும்பினால் எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்றும் அப்போது வைத்தார்கள். அதிலும் பாதி வரை அரசு தரும். சிலர் இந்தக் கணக்கை மட்டும் கச்சிதமாகக் கற்றுக்கொண்டார்கள். வருடம் முழுக்கப் பையனைப் பிசிறு தட்டவும் டிரே தூக்கவும் விட்டு, வருடம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டு, அடுத்த பேட்சைக் கூப்பிடுகிறார்கள்.

இதே தமிழ்நாட்டில்தான் ஜி.டி. நாயுடு இருந்தார். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமானவர். நாலு வருடப் படிப்பு வீண், பட்டறையோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை; அவர் விலகிக்கொண்டார். எண்பது வருடமாகிறது. நாலு வருடம் பத்திரமாக இருக்கிறது, பட்டறையைத்தான் காணோம். அதே கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, படிப்பையும் தொழிற்சாலையையும் அடுக்கிவைத்த ஐந்து வருட சாண்ட்விச் மெக்கானிக்கல் படிப்பை நடத்திக் காட்டியது. இங்கே சாண்ட்விச் கேண்டீனில் கிடைக்கும்.

வழி இல்லாமலா போயிற்று? டிராயிங்கைப் பார்த்து டாலரன்ஸ் சொல்லவும், டூல் ஆஃப்செட் போடவும், முதல் ஜாபை அளந்து தன் கைப்பட இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதவும் ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொள்ள முடியும். எண்ணெய்க் கறை படிந்த அந்த ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினால் சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப்போடுவார். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்தவனுக்கு இது தெரியும். அவனைத்தான் ‘ராயல்’ வீட்டுப் பெற்றோர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஒரு செமஸ்டர், வாரம் இரண்டு நாள், பேருந்தை இந்த வாசலில் நிறுத்துங்கள் என்று கல்லூரி நிர்வாகி ஒருவரிடம் சொன்னேன். “விரல் போனால் யார் சார் பொறுப்பு?” என்றார். பழகுநருக்குக் காயம்பட்டால் முதலாளிதான் இழப்பீடு தரவேண்டும் என்று 1961-ஆம் வருடப் பழகுநர் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் மாணவர்களை முறையாகப் பழகுநராகப் பதிந்து அனுப்புங்கள் என்றேன். அது பெரிய வேலை சார், சான்றிதழ் சுலபம் என்று சிரித்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தொழிற்பேட்டையின் பவர் பிரஸ்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் ஷிஃப்ட்டில் நின்றுகொண்டிருந்தார்கள், அதே வயசு. அவர்கள் விரலுக்கு யார் பொறுப்பு என்று அவரும் கேட்கவில்லை, பிரஸ்ஸின் சொந்தக்காரரும் கேட்கவில்லை.