மாஸ்ரரின் ஓடாத கார்

துர்க்கை அம்மன் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எங்கள் ஒழுங்கைக்கு வழி கேட்டால், ஆட்டோக்காரர்கள் ஓர் அடையாளம் சொல்வார்கள்: "மாஸ்ரரின்ரை ஓடாத கார் நிக்கிற வீட்டடியாலை திரும்புங்கோ." மாஸ்ரர் நான்தான். முப்பது வருடத்துக்கு மேல் பௌதிகவியல் படிப்பித்தேன். என்னிடம் படித்து எஞ்சினியர் ஆனவர்கள் மூன்று கண்டங்களில் இருக்கிறார்கள். தெல்லிப்பழையில் என் பெயருக்கு முன்னால் நிற்பதென்னவோ அந்த "ஓடாத" தான்.

கார் 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சமசெற். பெரியப்பாவின் ஹயர் கார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு வந்துபோகிற உத்தியோகத்தர், மாவிட்டபுரம் தேர், கீரிமலைக்கு அந்தியேட்டி, சுற்றுவட்டாரத்துக் கலியாணம் என்று அது ஓடாத ஓட்டமில்லை. நம்பர் தகட்டில் ஆங்கில எழுத்து இரண்டு. 1957 தைமாதம் சிங்கள 'ஸ்ரீ' தகடுகள் வந்து, அதற்குத் தார் பூசும் போராட்டம் நடந்தபோது, பெரியப்பாவுக்குத் தார் வாங்கும் செலவு இருக்கவில்லை. அவருடைய கார் நாலு வருடம் முந்திப் பதிந்தது. அந்தப் பெருமையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் காரைத் திருத்தி ஓட்டிக் காட்டுகிறேன் என்று நான் கிளம்பியதற்குக் காரணம் பெரியப்பா மேலுள்ள பாசம் என்று வெளியில் சொல்வேன். உண்மைக் காரணம் ஸ்காபரோவில் இருக்கும் பெறாமகன். பெரியப்பாவின் பேரன். அவன் 1967ஆம் ஆண்டு ஃபோர்ட் மஸ்ராங் ஒன்றை வாங்கிக் கராஜில் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப்பில் படம் வரும். ஒருநாள் படம் இல்லை, சத்தம் மட்டும் வந்தது. 4.7 லீற்றர் வி8 எஞ்சின் முதன்முதலாக உறுமுகிற சத்தம். அதைக் கேட்ட என் மனைவி "ஆற்றை அரைக்கிற மில்?" என்று கேட்டாள். எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை.

அமெரிக்கர்களுக்கு இந்தக் கார்கள் மேலே இருக்கும் கிறுக்கு சாதாரணமானதல்ல. 1964இல் பொன்ரியாக் கம்பனி நடுத்தரமான ஓர் உடம்புக்குள் 6.4 லீற்றர் எஞ்சினைத் தூக்கிவைத்து ஜிரிஓ என்று பெயரிட்டு விற்றது. அதே வருடம் சித்திரையில் மஸ்ராங் வந்தது. பிறகு டொட்ஜ், பிளிமத், செவர்லே எல்லாம் போட்டிக்கு இறங்கின. பத்து வருடத்துக்குள் ஆட்டம் முடிந்தது. புகைச் சட்டமும் இன்சூரன்ஸ் கட்டணமும் பாதியில் கழுத்தைப் பிடிக்க, 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதோடு சரி. இன்று அந்தக் காலத்து வாலிபர்கள் கிழவர்களாகி, இழந்த காதலியைத் தேடுவதுபோல அந்தக் கார்களைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு வசதியும் இருக்கிறது. பழைய மஸ்ராங்கின் ஆணி முதல் முழு உடம்பு வரைக்கும் புதிதாக அடித்து விற்கிறார்கள்.

"எண்ணெய் நிண்டதாலை செத்த கார் உன்ரை. எண்ணெய் நிண்ட பிறகும் ஓடின கார் எங்கடை" என்று பெறாமகனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். வீரவசனம். ஆனால் விஷயம் பொய்யில்லை.

1990 ஆனியில் தெல்லிப்பழை இடம்பெயர்ந்தபோது இந்தக் கார் சட்டிபானையையும் ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்குப் போனது. அதே வருடம் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. காபரேற்றருக்குப் பக்கத்தில் சின்னப் போத்தல் ஒன்றைத் தூக்கிக் கட்டி, அதிலிருந்து சேலைன் குழாய் வழியே கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். முன்னால் நின்று ஹான்டில் சுற்ற வேண்டும். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, கண் எரியும். யாழ்ப்பாணத்தின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் கேம்பிரிஜ்களும் இப்படித்தான் ஓடின. இன்னொன்று சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்துக்கு ஒரு பற்றரி வரத் தடையிருந்த அதே தொண்ணூறுகளில், தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கு மட்கார்ட்டும் தகடும் அடித்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். ஒரே தீவுதான்.

அப்போது நான் இளம் வாத்தியார். மண்ணெண்ணெய் ஊற்றினால் என்ன ஆகும் என்று பெரியப்பாவுக்குக் கரும்பலகை இல்லாமலே வகுப்பெடுத்தேன். அது லேசில் ஆவியாகாது, எரியாமல் மிஞ்சுவது பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் இளகி பெயறிங் போகும், ஒரு மாதத்தில் எஞ்சின் இறுகிவிடும் என்றேன். பாடம் முழுவதும் சரி. ஒயிலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியதைப் பெரியப்பாவே குச்சி விட்டுப் பார்த்துக் காட்டினார். பிசகினது மாதக் கணக்கு மட்டும்தான். 1995இல் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோதும் அந்த எஞ்சின் வேலை செய்தது. பெரியப்பா ஒயிலை இறக்கி, தெளியவைத்து, கொஞ்சம் புதிது கலந்து விடுவாராம். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு வகுப்பெடுப்பேன் என்ற பயம்.

ஏன் தாங்கியது என்பதைப் பின்னர் யோசித்து விளங்கிக்கொண்டேன். ஜிரிஓ எஞ்சினில் அமுக்க விகிதம் 10.75. நல்ல பெற்றோல் இல்லாவிட்டால் இடித்து இடித்துத் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும். சமசெற்றில் ஏழு, ஏழேகால். 1.2 லீற்றரில் 42 குதிரைவலு. மணிக்கு அறுபது மைல் வேகத்தைப் பிடிக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும், ஜிரிஓ அதை ஏழு வினாடிக்குள் பிடிக்கும். அவசரமே இல்லாத எஞ்சின் என்பதால் கொடுத்ததைத் தின்றது. இதையும் பெறாமகனுக்கு அனுப்பினேன். அவன் ஒரு வரி எழுதினான்: "அப்ப இப்ப ஏன் சித்தப்பா ஓடேல்லை?"

அந்தக் கேள்விக்குப் பதில்தான் மிச்சக் கதை.

இராணுவத்திடமிருந்து ஊர் விடுபட்டு நாங்கள் படிப்படியாகத் திரும்பி வந்து, கூரை போட்டு, கிணறு இறைத்து முடிந்த பிறகு, மானிப்பாயில் மாட்டுக்கொட்டில் ஒன்றில் நின்ற காரை லாண்ட்மாஸ்ரரில் கட்டி இழுத்து வந்தேன். மகளின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை இதில்தான் வருவார் என்று கோயில் வீதியிலும் கூட்டுறவுக்கடையிலும் அறிவித்துவிட்டுத்தான் பொனெற்றைத் திறந்தேன். சீனாக்காரன் செய்த பளபளக்கும் சாவிப்பெட்டி வாங்கியிருந்தேன். எல்லாம் மில்லிமீற்றர். காரோ அங்குலத்தில் பிறந்தது, அதிலும் விற்வேர்த் அளவு. பன்னிரண்டாம் நம்பர் சாவி தளர்ந்தது, பதினொன்று போகவில்லை. நடுவில் ஓர் அளவு இருக்கவேண்டும் என்று இயற்கை நியதிப்படி நம்பிப் பலத்தைப் பாவித்தேன். அறுகோண நட்டுகள் வட்டமாயின.

அதன் பிறகுதான் அண்ணையைக் கூப்பிட்டேன். சீமெந்துத் தொழிற்சாலை வேக்‌ஷொப்பில் வேலை பழகியவர், எழுபது தாண்டியவர். ஒரு சாக்குக்குள்ளிருந்து துருப்பிடித்த சாவி நாலைந்தை எடுத்துப் போட்டார். வட்டமான நட்டுகளைப் பார்த்தார். "மாஸ்ரர், இதை ஆர் கழட்டினது?" என்றார். "முந்தி ஆரோ" என்றேன்.

அடுத்தது கஸ்கட். ஹெட் கஸ்கட் எரிந்திருந்தது. நான் இன்ரநெற்றில் தேடி, மகனின் காட்டைப் பாவித்து, இங்கிலாந்திலிருந்து 'ஒஸ்ரின் ஏ40 ஹெட் கஸ்கட்' வரவழைத்தேன். அருமையான பொதி, அருமையான செம்புத் தகடு. வைத்துப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றும் பொருந்தவில்லை. ஒஸ்ரின் கம்பனி டெவனுக்கும் ஏ40, சமசெற்றுக்கும் ஏ40, பிறகு 1958இல் வந்த சின்னக் காருக்கும் ஏ40 என்றே பெயர் வைத்திருக்கிறது. நான் எடுப்பித்தது அந்தச் சின்னக் காரின் 948 சீசீ எஞ்சினுக்கு. விற்றவர் பிழை ஒன்றுமில்லை. எந்த ஏ40 என்று கேட்டு எழுதிய மின்னஞ்சலை நான்தான் விளம்பரம் என்று நினைத்து அழித்தேன். அந்தக் கஸ்கட் இப்போது எங்கள் குசினியில் சூட்டுச்சட்டி வைக்கும் தட்டு. மனைவி மட்டுமே அதில் பயன் கண்டவள்.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மாப்பிள்ளைக்குப் பாட்டுப் போட வேண்டுமே என்று ஒரு புளூரூத் செற் வாங்கி டாஷ்போர்ட்டில் நானே பூட்டினேன். மின்னோட்டம் என் பாடம். அதற்கு எவரையும் கேட்பதா? கடைசி ஆணியை முறுக்கியதும் செற்றின் முதுகிலிருந்து புகை. அண்ணை ஓடி வந்து பற்றரி வயரை இழுத்துவிட்டார். அந்தக் காலத்து ஒஸ்ரின்களில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இந்தக் காலத்துச் செற்றின் உடம்போ எதிர்முனை. ஆணி இரண்டையும் தொடுத்துவிட்டது. "மாஸ்ரர், நீங்கள் பள்ளிக்கூடத்திலை கறன்ற் தானே படிப்பிச்சனீங்கள்?" என்று அவர் கேட்டது உண்மையான சந்தேகம், நக்கல் இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. மாப்பிள்ளை வாடகை ஹைபிரிட் காரில் வந்தார். பாட்டும் வந்தது.

2022இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, என் காருக்கு ஒரு மரியாதை வரும் என்று நினைத்தேன். மண்ணெண்ணெயில் ஓடிய வம்சம் அல்லவா. அப்போது மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. ஆடி மாதம் கியூஆர் அட்டை வந்தது, காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். விழுந்தடித்துப் பதிந்து அட்டையும் எடுத்துவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது: கானுக்குள் அடிக்க மாட்டார்கள், கார் பெற்றோல் செட்டுக்குப் போக வேண்டும். போகக்கூடிய கார் என்றால் எனக்கு ஏன் இந்தப் பாடு? காங்கேசன்துறை வீதியில் நாலுபேரை வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாமா என்று மனைவியிடம் ஆலோசனை கேட்டேன். அவள் பதில் பத்திரிகையில் போடத்தக்கதல்ல. அட்டை இன்னும் பேர்சுக்குள் இருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் என் கையும் பொக்கற்றும் சம்பந்தப்பட்டவை. வாயால் செய்தது ஒன்று இருக்கிறது.

பெயின்ற் சுரண்டும்போது மேலே வானநீலம், அதன் கீழே சாம்பல், அதன் கீழே கறுப்பு என்று படைபடையாக வந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே ஓரிடத்தில் சுரண்ட, பழைய அடைப்புப் பசை உதிர்ந்து சுண்டுவிரல் நுழையும் அளவில் ஒரு வட்ட ஓட்டை தெரிந்தது. நெஞ்சு படபடத்தது. துவக்குச் சூடு! 1990இல் ஊர் விட்டு ஓடும்போது பட்டிருக்க வேண்டும். ஆச்சி இருந்த பக்கம். ஓர் அடி பின்னால் பட்டிருந்தால்?

அன்று முதல் அந்த ஓட்டையைக் காட்டாத ஆள் இல்லை. கனடா, லண்டன், சுவிஸ் என்று விடுமுறைக்கு வந்த உறவுகள் எல்லாம் குனிந்து பார்த்து, கை வைத்து, படம் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளர்ந்தது. ஹெலிக்கொப்டர் ஒன்றும் நடுவில் வந்து சேர்ந்தது. பெறாமகன் வீடியோ அழைப்பில் பார்த்துக் கண் கலங்கினான். "சித்தப்பா, என்னட்டை வி8 இருக்கு. ஆனா இது இல்லை" என்றான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மஸ்ராங்கை வென்ற கணம் அது.

ஒருநாள் அண்ணை டாஷ்போர்ட்டுக்குள் தலையை விட்டபடி "இதுக்குள்ளை ரபர் வளையம் ஒண்டு கிடக்கு" என்றார். வெளியே எடுத்தார். அதற்குள் கறுத்த வயர்த்துண்டு. "உங்கடை பெரியப்பா ரேடியோ பூட்டினவரெல்லே. நான்தான் ஏரியலுக்கு ஓட்டை போட்டனான். சிலோன் ரேடியோ இழுக்கேல்லை எண்டு பிறகு கழட்டிப்போட்டார்."

நான் வாசல் பக்கம் பார்த்தேன். நல்லவேளை ஒருவரும் இல்லை.

அதன் பின்பு சரியான கஸ்கட் வந்தது, எஞ்சின் பிடித்தது, மல்லாகம் சந்தி வரைக்கும் ஓடி அங்கே நின்று, அதே லாண்ட்மாஸ்ரரில் திரும்பி வந்தது. இப்போது கிளச். ஆவணியில் துர்க்கை அம்மன் கொடியேற்றத்துக்குப் பெறாமகன் பிள்ளைகளோடு வருகிறான். அவனுடைய மஸ்ராங்கும் ஓடுவதில்லை, லொறியில் ஏற்றித்தான் காட்சிக்குக் கொண்டுபோவதாம் என்று போன கிழமை அவன் மனைவி வாய் தவறிச் சொன்னாள். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்தான் நீடித்தது. பிறகு அவனுடைய செய்தி வந்தது: பிள்ளைகளுக்கு அந்தச் சூட்டு ஓட்டையைக் காட்ட வேண்டும், பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறார்களாம்.

ஓட்டையை அண்ணை ஈயம் ஊற்றி அடைத்து, தேய்த்து, மேலே பிறைமரும் அடித்து முடித்துவிட்டார். விரலால் தடவினாலும் தெரியாது, அவ்வளவு நல்ல வேலை. நேற்றுப் பின்னேரம் தயங்கித் தயங்கி அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சாக்குக்குள் கையை விட்டுத் துளையிடும் ஊசிகள் இருந்த தகரப் பேணியை எடுத்துக் குலுக்கினார்.

"மாஸ்ரர், என்ன துவக்கு எண்டு சொன்னனீங்கள்? சைஸ் பாக்கவேணும்."