பெயர் காலி இல்லையா?

கேள்வி: அம்மாவின் சமையலை யூடியூபில் போட ஆசை. நினைத்த பெயரையெல்லாம் யாரோ எடுத்துவிட்டார்கள். பின்னால் 123 சேர்க்கலாமா?
- வாசகி, சிவகங்கை

பதில்: வேண்டவே வேண்டாம்! தேடுகிறவர் 321 என்று தட்டுவார்; அங்கே வேறொரு அம்மா சாம்பார் வைத்துக்கொண்டிருப்பார்.

முதலில் ஒரு நல்ல செய்தி. சேனல் பெயர் வேறு, @ குறியோடு வரும் ஹேண்டில் வேறு. ஒரே பெயரில் பல சேனல்கள் இருக்கலாம். 2022-இல் வந்த ஹேண்டிலை மட்டும்தான் ஒருவர் எடுத்தால் இன்னொருவர் எடுக்க முடியாது. 3 முதல் 30 எழுத்து. சேனலுக்குப் பிடித்த பெயரையே வைத்துக்கொண்டு, ஹேண்டிலில் ஊர்ப்பெயரைச் சேருங்கள். சிவகங்கைக்கு என்ன குறைச்சல்?

ஹேண்டிலை ஆங்கில எழுத்தில் எழுதினால் 'ழ' வேண்டாம். ஒருவர் இசட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நடுவில் அம்மாவின் வாழைப்பூ வடை ஆறிப்போகும். எளிய சொற்களே போதும்: புதுக்கோட்டைக்காரர்களின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' மூன்றே சாதாரணச் சொற்கள்தான். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது.

பெயரை அத்தைக்குப் போனில் ஒரேயொரு முறை சொல்லுங்கள். எழுத்துக்கூட்டாமலே அவர் தேடி எடுத்துவிட்டால் அதுதான் பெயர். அன்றைக்கே இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் துண்டு போட்டுவிடுங்கள்!