சுத்த சைவ ரோபோ

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டைக்கென்றே பிறந்த ரோபோ அது. கரண்ட் கேட்காது, ஈ போட்டால் போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2004-இல் செய்த ஈகோபாட்-2 செத்த ஈக்களைத் தின்று நகர்ந்தது. உள்ளேயிருந்த நுண்ணுயிர்கள் ஈயைச் செரித்து மின்சாரம் தந்தன. நம் கேன்டீன் சாம்பார் வாளியில் மொய்ப்பதை வைத்தே மூன்று ஷிப்டும் ஓட்டிவிடலாம்.

அமெரிக்காவின் ‘ஈட்டர்’ ரோபோ பிணம் தின்னும் என்று 2009-இல் வதந்தி கிளம்ப, ‘சுத்த சைவம்’ என்று கம்பெனியே அறிக்கை விட்டது. உடுப்பி ஓட்டல் போர்டு தோற்றது!

2010-இல் வந்த ஈகோபாட்-3 கழிவையும் தானே வெளியேற்றியது. இங்கேதான் நிர்வாகம் யோசிக்கிறது. சாப்பிடும், கழிவறைக்கும் போகும் என்றால், அது ஏற்கெனவே காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறதே, கான்ட்ராக்டில்! விலையும் குறைச்சல்.